கம்பு எங்கே கிடக்கிறது?

கடந்த ஆண்டு ஆனி மாதத்தின் தொடக்கத்தில், சானல் என்று நாங்கள் சொல்லும் கால்வாயின் கரையிலிருந்து எங்கள் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, இறங்கும் வெட்டுக்கல் படியில் பாசி வழுக்கி விழுந்து, வலது கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. மகளின் பிரசவத்துக்காகச் சென்னை சென்றிருந்த மனைவியிடம், வர வேண்டாம், நானே பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன். 'நானே பார்த்துக்கொள்வேன்' என்பது நெடுநாளாக என் வாயில் ஊறிப்போன பேச்சு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் வாழைகள் அத்தனையையும் மூன்று தென்னைகளையும் சாய்த்தபோது, வாளோடும் கயிற்றோடும் வந்து நின்ற பக்கத்துத் தெருப் பையன்களிடமும் அதையே சொல்லித் திருப்பி அனுப்பினேன். பாதையை அடைத்துக் கிடந்த மரங்களைத் தனியாளாக வெட்டி ஒதுக்கப் பதினைந்து நாளாயிற்று. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த முதல் வாரத்தில் மழையைத் தவிர எனக்குத் துணையில்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கின்றன என்று பள்ளியில் எத்தனையோ ஆண்டுகளாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால், ஒரு மழை தொடங்குவதிலிருந்து ஓய்வது வரை உட்கார்ந்து பார்த்தது அப்போதுதான். ரப்பர்க் காட்டின் மேல் இரைச்சல் முதலில் கேட்கும். பிறகு காற்று திரும்பும். அதற்கும் பிறகுதான் முற்றத்தில் துளி விழும். மழை வெறித்ததும், தொங்கிக்கொண்டிருந்த வாழைப்பூவின் மடல் ஒன்று மெல்லத் தூக்கிக்கொள்ள, உள்ளேயிருந்த பூக்களைத் தேன்சிட்டு ஒன்று தலைகீழாகத் தொங்கியபடி துழாவிற்று. இதெல்லாம் எனக்காக நடக்கவில்லை என்பது தெரிந்தும், மனத்தில் ஒரு நன்றி சுரந்தது உண்மை.

மழைக்கு நன்றி சொல்வது எளிது, ஏனெனில் அது நம் முகத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு மத்தியானம் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவித்து, சாளை மீன் கறியோடு தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்து வைத்தபோது, அந்த நன்றி எங்கே போயிற்றென்று தெரியவில்லை; உள்ளுக்குள் கூச்சமும் லேசான எரிச்சலுமே எழுந்தன. அன்று மாலையே அந்தப் பாத்திரத்தைக் கழுவி, ஒரு கிலோ சர்க்கரையை நிரப்பி, வழியில் போன சிறுவனிடம் கொடுத்தனுப்பினேன். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் நான் செய்தது வழக்கமல்ல, கடன் தீர்ப்பு. மறுநாள் அக்கா வேலியருகே நின்று, "இது என்ன மக்களே, கடைக் கணக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது வாரம் காற்று வலுத்தது. விளையில் நின்றவை பெரும்பாலும் ஏத்தன் (நேந்திரன்) வாழைகள். ஓணச் சந்தையைக் கணக்கு வைத்து நட்டவை என்பதால், எல்லாம் குலை தள்ளிக் காய் திரண்டுகொண்டிருந்த பருவம். வாழைமரம் என்று நாம் சொன்னாலும் அதில் மரம் ஏதுமில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்ட இலைமட்டைகள்தான் உயர்ந்து நிற்கின்றன. குலை கனக்கக் கனக்க அது ஒரு பக்கமாகச் சாயும். முட்டுக் கொடுக்காவிட்டால் ஒரே காற்றில் இடுப்பளவில் ஒடிந்துவிடும். அதைச் செய்ய வேண்டிய நேரத்தில்தான் நான் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் அண்ணன் எனக்குப் பதினைந்து வயது மூத்தவர். மழை பெய்தால் வெட்டுப்பட்டை நனைந்து பால் வழிதவறி ஓடும், சிரட்டையில் பாலுக்குப் பதில் தண்ணீர் நிற்கும். ஆகவே அடைமழை நாளில் அவருக்கு வேலையுமில்லை, கூலியுமில்லை. அப்படியொரு நாளில், தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றார். உதவட்டுமா என்று அவர் கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன். அவர் கேட்டது வேறு: "மக்களே, கம்பு எங்க கெடக்கு?"

மாட்டுத்தொழுவத்தின் பின்னால் என்றேன். பிற்பகல் வரை, சாய்ந்த பக்கம் பார்த்து ஒவ்வொரு வாழைக்கும் கவைக்கம்பு ஊன்றி, கம்பு போதாத இடங்களில் அடுத்தடுத்த வாழைகளைக் கயிற்றால் இணைத்துக் கட்டினார். கயிறு வாழையை அறுக்காமலிருக்க, முடிச்சுக்கு அடியில் காய்ந்த வாழைச்சருகை மடித்து வைத்ததை நான் வராந்தாவிலிருந்தே பார்த்தேன். முப்பது ஆண்டு வாழை வைத்த எனக்கு அது தோன்றியதேயில்லை.

'என் சொந்த உழைப்பில் விளைந்த வாழை' என்று நான் சொல்லிவந்தது எவ்வளவு தூரம் சரி என்ற யோசனை அன்றிரவு வந்தது. என் விளைக்கு வருவது பட்டணங்கால் சானல் தண்ணீர். அது மாத்தூரில் பறளியாற்றைக் கடக்க, 28 தூண்கள் 115 அடி உயரத்தில் தொட்டிப்பாலத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. அந்தத் தொட்டியைக் கட்டியவர்களில் ஒருவருக்கும் நான் ஒரு கிலோ சர்க்கரை அனுப்பியதில்லை.

ஆவணியில் குலை வெட்டினோம். அண்ணன் கூலி வாங்க மறுத்து, ஒரே ஒரு குலையை எடுத்துக்கொண்டார். அதுவும் நான் காட்டிய பெரிய குலையல்ல. அக்காவின் வீட்டுக்கு இரண்டு சீப்புக் கொண்டுபோனபோது, அவர் வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஒரு கிண்ணம் பாயசத்தோடு வந்தார். அந்தக் கிண்ணம் கழுவி வைத்தபடி இன்னும் எங்கள் அடுக்களையில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க அவசரப்படவில்லை.