பாலை ஆற்ற ஓர் எஃகுச் சுருள்

கொடைக்கானலில் எங்கள் வீட்டில் சீஸ் செய்யத் தொடங்கியபோது என்னை அதிகம் சோதித்தது பாலை உறைய வைக்கும் ரென்னட் நொதி அல்ல, சூடான பாலை ஆற்றும் வேலைதான். 20 லிட்டர் பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்திருந்து கிருமி நீக்கிய பிறகு, ரென்னட் சேர்ப்பதற்கு அதை 32 டிகிரிக்கு இறக்க வேண்டும். அண்டாவைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்தால் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நேரம் கிருமிகளுக்குப் பிடித்த வெதுவெதுப்பில் பால் கிடப்பது நல்லதல்ல.

வழியை வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவர்கள் ‘வோர்ட்’ எனப்படும் மால்ட் கஷாயத்தைக் கொதிக்க வைத்த பிறகு, ஈஸ்ட் சேர்ப்பதற்காக அதை ஏறத்தாழ 20 டிகிரிக்கு விரைவாகக் கொண்டுவர, செப்புக் குழாயைச் சுருளாக்கி உள்ளே இறக்கி, அதில் குளிர்ந்த நீரை ஓட விடுகிறார்கள். எனக்குச் செம்பு ஒத்து வராது, ஏனெனில் அது பாலில் சிறிதளவு கரைந்தாலும் கொழுப்பில் காறல் வாடை வரும். ஆகவே 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள 304 ரக எவர்சில்வர் குழாயில் 8 மீட்டர் வாங்கினேன்.

வெறுங்குழாயைப் பெயிண்ட் டப்பாவைச் சுற்றி வளைத்தபோது இரண்டாவது சுற்றிலேயே மடிந்து நசுங்கியது. வத்தலக்குண்டில் ஒரு பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். “காயவெச்ச மணலைத் தட்டித் தட்டி அடைச்சு, ரெண்டு வாயையும் மூடிட்டு வளைங்க சார், நசுங்காது,” என்றார் அங்கிருந்த பெரியவர். அப்படியே செய்ததில் சுருள் ஒழுங்காக அமைந்தது. உள்ளே சிக்கிய மணலைக் கழுவி எடுக்கத்தான் ஒரு பகல் முழுவதும் போயிற்று.

செம்பைவிட இந்த எஃகு ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கே வெப்பம் கடத்தும் என்பதால், சுருள் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் அசையாமல் விட்டபோது 35 நிமிடம் ஆனதால், என் கணிப்பு சரி என்றே நம்பினேன். ஆனால் விரலால் தொட்டுப் பார்த்தபோது சுருளை ஒட்டிய பால் சில்லென்றும், அண்டாவின் விளிம்பருகே இருந்த பால் கை சுடுமளவுக்கும் இருந்தது. தடையாக இருந்தது ஒரு மில்லிமீட்டர் எஃகுச் சுவர் அல்ல, அதன் மேல் போர்வைபோல் படிந்து நின்ற அசையாப் பால்தான். மறுமுறை சுருளை மேலும் கீழுமாக மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தேன். 12 நிமிடத்தில் 32 டிகிரியைத் தொட்டது. இன்னும் நீளமான குழாய் வாங்க வைத்திருந்த பணம் மிச்சம்.

மலைத் தண்ணீரின் தயவும் இதில் உண்டு. எங்கள் தொட்டி நீர் 16 டிகிரி அளவில் இருப்பதால் 35 லிட்டரில் வேலை முடிகிறது; கோடையில் சென்னைக் குழாய் நீரே 30 டிகிரியைத் தாண்டும் என்பதால், அங்கே இதே சுருளால் ஐஸ் கட்டி இல்லாமல் ஒன்றும் ஆகாது.

ரப்பர் குழாய் சேரும் இணைப்புகள் அண்டாவின் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். ஒரு நாள் கிளிப் நழுவித் தண்ணீர் பாலில் பாய்ந்ததில், 20 லிட்டரும் பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. சூடு நிலைத்திருக்கும் அந்த அரை மணி நேரமும் சுருளைப் பாலிலேயே போட்டு வைத்தால் அதன் கிருமியும் நீங்கிவிடும். கழுவும்போது முதலில் பச்சைத் தண்ணீர்தான், ஏனெனில் வெந்நீர் ஊற்றினால் பால் புரதம் எஃகோடு ஒட்டிக்கொள்ளும். வெளியேறும் வெதுவெதுப்பான நீரை வாளிகளில் பிடித்து வைக்கிறோம். டிசம்பர் காலையில் பாத்திரம் தேய்க்க அதற்குத்தான் வீட்டில் போட்டி.