13 நாள்ல 10 விமானம்
இந்திர லால் ராய்னு ஒரு பையன், யாருக்காச்சும் தெரியுமா? கல்கத்தால 1898ல பொறந்தவன், லண்டன்ல படிச்சவன். முதல் உலகப்போர் நேரத்துல பிரிட்டிஷ் படைல பைலட் ஆகணும்னு போனா கண்ணு சரியில்லன்னு ரிஜெக்ட் பண்ணிட்டாங்க, இவன் என்ன பண்ணான், தன் மோட்டார் பைக்க வித்து அந்த காசுல பெரிய கண் டாக்டர்கிட்ட காட்டி அந்த முடிவயே மாத்த வச்சிருக்கான்!

1917 டிசம்பர்ல பிரான்ஸ்ல இவன் ஓட்டுன விமானம் விழுந்து நொறுங்கி, செத்துட்டான்னு நெனச்சு பிணவறைல போட்டுட்டாங்களாம், உள்ள இருந்து கதவ தட்டிருக்கான். கதவ தொறந்தவன் நெலமைய யோசிங்க 😄

அப்புறம் பறக்க தகுதி இல்லன்னு சொன்னாங்க, இவன் விடுவானா, நச்சரிச்சு திரும்பவும் பிரான்ஸ் போய் 40வது ஸ்குவாட்ரன்ல (விமானப் படைப்பிரிவு) சேர்ந்துட்டான். ஓட்டுனது எஸ்.இ.5ஏங்கிற பிரிட்டிஷ் சண்ட விமானம். 1918 ஜூலை 6ல இருந்து 19க்குள்ள 10 வெற்றி, அதுல மூணு ஒரே நாள்ல, நாலு மணி நேரத்துக்குள்ள. அந்தக் காலத்துல பிரிட்டிஷ் பைலட்டுக்கு பாராசூட்டே கெடையாது, அடி பட்டா அவ்ளோதான்.

ஜூலை 22, ஜெர்மன் ஃபாக்கர் விமானங்களோட சண்ட, கார்வின் பக்கம் எரிஞ்சு விழுந்துட்டான். வயசு 19. காலேஜ் செகண்ட் இயர் வயசுப்பா! டிஎஃப்சி (டிஸ்டிங்விஷ்டு ஃப்ளையிங் கிராஸ்)னு பிரிட்டிஷ் வீரப் பதக்கம் செத்தப்புறம்தான் வந்துச்சு, இந்தியர்ல மொத ஆள் இவன்தான். நம்ம ஸ்கூல் புக்ல ஒரு வரி இருந்துச்சா? எனக்கு ஞாபகமே இல்ல.

1954ல இந்திய விமானப்படைக்கு மொத இந்தியத் தலைவரா வந்த சுப்ரதோ முகர்ஜி இவனுக்கு சொந்தக்காரர்தான்.