ஜூரி இருக்கையில் நான்கு நாள்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூரி சம்மன் வந்துவிட்டது. பொதுமக்களில் சிலர் உட்கார்ந்து வழக்கைக் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் குழுதான் ஜூரி. நான் இருப்பது அரிசோனாவில். இங்குள்ள தமிழ் நண்பர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "எதையாவது சொல்லித் தப்பிச்சுக்கோ." இந்தியாவில் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி முறை போய்விட்டது. நாங்கள் யாரும் அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் இல்லை. எனக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

இணையத்தில் கேள்வித்தாளை நிரப்பியதும் ஒரு குழு எண் தந்தார்கள். அந்த எண்ணுக்கு அழைப்பு உண்டா என்பது முந்தைய நாள் மாலைதான் தெரியும். காலை எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தோம். பதினொன்றரை வரை யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பெண் உணவகத்தில் பரிமாறுபவர், அவருக்கு அன்றைய கூலி போனது. ஜூரராகத் தேர்வானால் நாளுக்கு 12 டாலரும் பயணப்படியும் கிடைக்கும், அவ்வளவுதான். டெக்சாஸ் 2023இல் முதல் நாளுக்கு 6 டாலராக இருந்ததை 20 ஆகவும், அடுத்த நாட்களுக்கு 40ஐ 58 ஆகவும் உயர்த்தியது. இங்கேயும் உயர்த்தத்தான் வேண்டும். இல்லாவிட்டால் விடுப்போடு சம்பளமும் கிடைக்கும் என்னைப் போன்றவர்கள் மட்டுமே ஜூரியில் மிஞ்சுவோம்.

அப்புறம் தேர்வு. முன்பெல்லாம் இரு தரப்பு வழக்கறிஞர்களும் காரணமே சொல்லாமல் சிலரை நீக்கலாம். இனத்தைப் பார்த்து நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1986இல் சொன்ன பிறகும், வேறு காரணம் காட்டி அது நடந்துகொண்டிருந்தது. 2022 ஜனவரி 1 முதல் அரிசோனா அந்த உரிமையையே எடுத்துவிட்டது. அமெரிக்காவிலேயே இதைச் செய்த முதல் மாநிலம் இதுதான். அதனால் கேள்விகள் நீளமாகவே இருந்தன. "போலீஸ் சொன்னால் நான் நம்புவேன்" என்ற ஒருவரை, காரணத்தைச் சொல்லி அனுப்பினார்கள். ஒருமுறை என் கார் கண்ணாடியை உடைத்துத் திருடினார்கள் என்று சொன்னேன். வழக்கும் கார் திருட்டுதான். அதை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்க முடியுமா என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். யோசித்து, முடியும் என்றேன். என் முகத்தையோ உச்சரிப்பையோ பார்த்து யாரும் சத்தமில்லாமல் என்னைக் கழித்துவிடவில்லை. அது எனக்குப் பெரிய விஷயம்.

விசாரணையில் ஆளுக்கொரு குறிப்பேடு கொடுத்தார்கள். சாட்சியிடம் நாமும் கேள்வி கேட்கலாம்! பெயர் போடாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். நீதிபதி இரு தரப்போடும் பேசிவிட்டு, சரி என்றால் அவரே கேட்பார். வாகன நிறுத்துமிடத்தில் விளக்கு எரிந்ததா என்று எழுதிக் கொடுத்தேன். நீதிபதி கேட்டார். சாட்சி ரொம்ப நேரம் பதில் சொல்லாமல் இருந்தார். அந்த நிமிடத்திலிருந்து நான் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் ஆளாக இல்லை. காலையில் காக்கவைத்த அதே கட்டடத்தில் இப்படி ஒரு மரியாதையும் இருக்கிறது.

எட்டுப் பேர் ஜூரிக்குப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். யார் மாற்று ஜூரர் என்று யாருக்கும் தெரியாது, அதனால் பத்துப் பேருமே கவனமாகக் கேட்டோம். நான்காம் நாள் வாதங்கள் முடிந்ததும் குலுக்கலில் இரண்டு எண்களை எடுத்தார்கள். ஒன்று என்னுடையது. மற்றவர்கள் எழுந்து ஆலோசனை அறைக்குப் போனார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் திரும்பக் கூப்பிடுவோம், அதுவரை யாரிடமும் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லி, குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

மறுநாள் மாலை போன் வந்தது. தீர்ப்பு வந்துவிட்டது, இனி நீங்கள் பேசலாம் என்றார்கள். அடுப்படியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த வாகன நிறுத்துமிடத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.