கலோரிக்கு எத்தனை பாயிண்ட்?

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு மேல்மாடி அறைதான் என் அலுவலகம். ஒரு கணினி, ஒரு காற்றாடி, கரண்ட் போனால் அரை மணித்தியாலம் தாங்கும் ஒரு யூ.பி.எஸ். அமெரிக்கச் சாப்பாட்டுக் கடைகளுக்கு மெனு போர்ட் வடிவமைப்பது என் பிழைப்பு. இங்கே இரவு பத்து மணி என்றால், கோடை காலத்தில், நியூ ஜெர்சியில் பகல் பன்னிரண்டரை. கடைக்காரர் சாப்பாட்டு நேரக் கூட்டத்துக்குள் நின்று செய்தி அனுப்புவார். நான் கொட்டாவி விட்டபடி பதில் போடுவேன்.

போன கிழமை அப்படி ஒரு ஆள். பெரிய பெயர்ப்பலகையின் கீழ் பிரான்சைஸ் எடுத்து ஒரே ஒரு சாண்ட்விச் கடை நடத்துகிறவர். "கலோரியை மெல்லிய சாம்பல் நிறத்தில், விலையை விடச் சின்னதாக ஓரத்தில் போடு" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. விலைக்குப் பக்கத்தில் 1,140 என்று பளிச்சென்று நின்றால் வாங்க வருகிறவர் ஒரு நொடி யோசிப்பார்தானே.

முடியாது என்று எழுதினேன். அமெரிக்காவில் பெரிய சங்கிலிக் கடைகள் மெனு போர்டில் கலோரியைத் தெளிவாகப் போட்டே ஆகவேண்டும், அது சட்டம். "என்னிடம் இருப்பது ஒரு கடைதானே?" என்று திருப்பிக் கேட்டார். ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே மெனுவோடு 20 கடைகளோ அதற்கு மேலோ இருந்தால், ஒவ்வொன்றும் யாருக்குச் சொந்தம் என்பது கணக்கில்லை. 2010இல் அங்கே வந்த சுகாதாரச் சட்டத்தில் இருந்த ஏற்பாடு இது. விதி 2014இல் வெளியாகி, தள்ளித் தள்ளிப் போய் 2018 மே 7இல்தான் நடைமுறைக்கு வந்தது.

எழுத்துக்கும் அளவு வைத்திருக்கிறார்கள், அதாவது நாங்கள் பாயிண்ட் என்று எண்ணும் எழுத்தளவு. உணவின் பெயர், விலை இரண்டில் எது சின்னதோ, அதை விடக் கலோரி சின்னதாகக் கூடாது. நிறமும் அதே அளவுக்குக் கண்ணில் படவேண்டும். இதை எழுதியவர் எங்களைப் போன்ற டிசைனர்களிடம் நன்றாக ஏமாந்த ஆளாக இருக்கவேண்டும். ஆனாலும் ஒரு ஓட்டை இருக்கிறது: விலையையே சின்னதாக்கிவிட்டால் கலோரியும் கூடவே சுருங்கும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பல உணவை ஒரே விலையில் சேர்த்து விற்கும் கொம்போ சாப்பாடுதான் தலையிடி. தெரிவு இரண்டென்றால் 450/700 என்று சாய்கோடு போட்டு எழுதவேண்டும். மூன்றோ அதற்கு மேலோ என்றால் 450-700 என்று வீச்சு. கலோரி 50க்கு மேல் போனால் பத்துப் பத்தாக முழுமையாக்கவேண்டும், 247 என்றால் 250. சாய்கோட்டுக்குப் பதில் கோடு போட்டு ஒருமுறை முழுப் பலகையையும் திருப்பிச் செய்திருக்கிறேன். கூலி கிடைக்கவில்லை.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். கணினித் திரையை எட்டிப் பார்த்து, "இந்த நம்பர் நம்மட கடையில ஏன் மனே இல்ல?" என்று கேட்டார். நம்மிடமும் ஒன்று இருக்கிறது என்று சோடாப் போத்தலைக் காட்டினேன். 2016 ஆகஸ்ட்டிலிருந்து இலங்கையில் விற்கும் இனிப்புப் பானங்களில் நிறக் குறி கட்டாயம். 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2க்குக் கீழே என்றால் பச்சை, இடையில் செம்மஞ்சள். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, போத்தலை மேசையின் அந்தப் பக்கம் தள்ளினார். ஆங்கிலமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். 1,140ஐ விட அந்தப் பொட்டு கெட்டிக்காரப் பொட்டு என்பது என் எண்ணம்.

வேலை முடிந்து அன்றிரவு கொத்து ரொட்டிக் கடைக்குப் போனேன். தகட்டில் கத்தி தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கடைத் தம்பி கரண்டியால் எண்ணெயை ஊற்றினான், ஒருமுறை, பிறகு பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம்.

"எவ்வளவு எண்ணெய் விடுறாய்?"

"கைக்கணக்குத்தான் அண்ண. அளந்து ஊத்தினா அது கொத்தா?"

சரிதான். நாளைக்கு இன்னொரு கை, இன்னொரு கணக்கு. பத்துப் பத்தாக முழுமையாக்க இங்கே எண்ணே இல்லை.

"மறுகா, சீஸ் போடவா?"

போடு என்றேன்.