ஒரு முழம், ஒரு சாண்

ஜூலை 17
ஆடி பிறந்தாச்சு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கதவைப் போட்டு அடிக்கிறது. அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் பாட்டைத் திண்ணையில் பதிவு செய்தேன். முக்கால்வாசி காற்று, கால்வாசி பக்கத்து விசைத்தறி. அப்புச்சி குரல் நடுவில் எங்கேயோ.

ஜூலை 18
உள் அறை. ஜன்னலில் சாக்கு, சுவரில் இரண்டு பவானி ஜமக்காளம். எதிரொலி அடங்கியது, தறி அடங்கவில்லை. கனத்த சத்தத்தைத் துணி தடுக்காது.

ஜூலை 20
மைக்கை ஒரு முழத்திலிருந்து ஒரு சாணுக்குக் கொண்டுவந்தேன். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் ஏறும், தறி ஏறாது. ஆனால் முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்கும் இந்தக் கார்டியாய்டு மைக்கில் நெருங்க நெருங்க அடிக்குரல் தடிக்கும். ஹெட்போனில் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது மாரியம்மன் கோயில் திடலில் விடிய விடிய அண்ணமார் கதை, பொன்னர் சங்கர் கதை, பாடிய அதே குரல். ஆசையாக இருக்கிறது. ஆனால் இது அவர் குரலா, மைக் பூசிய சதையா?

ஜூலை 21
இருமல். பதிவு இல்லை.

ஜூலை 23
உடுக்கைக்குத் தனி மைக் வைக்கப் பார்த்தேன். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் என்றால் இரண்டு மைக்குக்கும் நடுவே மூன்று சாணாவது வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஓசை முன்பின்னாக வந்து ஒன்றையொன்று தின்றுவிடும். பாடுகிறவரே அடிக்கும்போது மூன்று சாணுக்கு எங்கே போக? மாமா அடிக்கிறேன் என்றார். அப்புச்சி உடுக்கையைக் கொடுக்கவில்லை. "கை ஆடாம வாய் வராது கண்ணு."

சரி, ஒரே மைக். கீழிருந்து வாயைப் பார்த்து நிமிர்த்தி, முதுகை உடுக்கைக்குக் காட்டினேன். முதுகுப் பக்கம் அதற்குக் காது மந்தம். இடுப்புக் கயிற்றை அழுத்தும்போது உடுக்கை விம்முவது அப்படியும் விழுகிறது. போதும்.

ஜூலை 24
பேப்பரில் இருக்கிறது! 29-ஆம் தேதி காலை 9 முதல் மாலை 4 வரை மின்தடை. எங்கள் ஊர்ப் பெயரும் உண்டு. தறி நிற்கும். இந்தக் கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட்டை ரெக்கார்டரே தர வேண்டும், பேட்டரியை உறிஞ்சிவிடும். பன்னிரண்டு வாங்கினேன்.

ஜூலை 26
ஆஸ்பத்திரி.

ஜூலை 28
வீட்டுக்கு வந்துவிட்டார். நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு. 24 பிட்டில் எடுத்தால் மெல்லிய குரலையும் அப்புறம் உயர்த்திக்கொள்ளலாம். மூச்சைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

அமுச்சி இரண்டு முறை கேட்டுவிட்டது, நாளைக்குப் பாடித்தான் ஆகணுமா என்று. அப்புச்சிதான் பதில் சொன்னார்.

ஜூலை 29
9.10. தறி நின்றது. இவ்வளவு அமைதியை இந்த வீட்டில் நான் கேட்டதில்லை.

மைக்கை ஒரு முழத்துக்கே தள்ளி வைத்தேன். இப்போது இருக்கிற குரல், அந்த மூச்சோடு.

11.40. இன்னும் பாடுகிறார். பேட்டரி ஒருமுறை மாற்றியாச்சு. பெரியகாண்டியம்மனைக் கூப்பிடும் இடம்