கேஜன் பக்கம் தனியா ஒரு ரவுண்டு

அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துல இருக்குற பேட்டன் ரூஜுக்கு வர்ற நம்மாளுங்க சனி ஞாயிறுன்னா நியூ ஆர்லியன்ஸ் போவாங்க, கூட ஒரு நாள் லீவு கெடச்சா ஹூஸ்டன் பக்கம் மீனாட்சி கோயிலுக்குப் போயிட்டு அப்படியே மளிகை சாமானும் வாங்கிட்டு வருவாங்க. ஹூஸ்டன் போற வழியிலதான் லஃபாயெட் இருக்கு, ஆனா அங்க நாங்க எறங்குறது பெட்ரோலுக்கும் பாத்ரூமுக்கும் மட்டும்தான். சுத்தி இருக்குறது கேஜன் ஊருங்கன்னு, அதாவது பிரெஞ்சு பேசுன வம்சத்து ஆளுங்க ஊருன்னு, போர்டு போட்டு வெச்சிருப்பான், படிச்சிட்டே தாண்டிப் போயிருவோம்.

ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை அவருக்கு பிளான்ட்ல ஷட்டவுன் வேலை, பையன் அவன் ஃப்ரெண்ட் வீட்ல. சரி நாமளே கெளம்பிருவோம்னு காலையில காரை எடுத்துட்டேன். அம்மாகிட்ட ஃபோன்ல சொன்னதுக்கு, "ஏன்டி, தனியாவா? அவருக்கு லீவு கெடைக்குறப்ப ரெண்டு பேருமா போவக்கூடாதா"ன்னாங்க. அவருக்கு லீவு கெடச்சா அவரு தூங்குவாரும்மான்னு சொல்லிட்டு வெச்சிட்டேன்.

மிசிசிப்பி ஆறு தாண்டி கொஞ்ச தூரம் போனதும் அச்சாஃபலாயா பாலம் வந்துரும், 18 மைல், கீழ முழுக்க தண்ணியும் சைப்ரஸ் மரமும்தான். 1973ல தொறந்தது. நடுவுல ஆக்சிடென்ட் ஆச்சுன்னா ஒதுங்கிப் போக வழி கெடைக்குறது கஷ்டம், பெரும்பாலும் அங்கேயே நிக்க வேண்டியதுதான், அதனால வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி மேப்ல ஒருவாட்டி பாத்துருங்க.

பாலம் எறங்கி கொஞ்ச நேரத்துல ப்ரோ பிரிட்ஜ். க்ராஃபிஷுக்கு, அதான் குட்டி சிங்க இறால் மாதிரி இருக்குமே, அதுக்கு உலகத் தலைநகரம்னு 1959லயே லூசியானா சட்டசபை இந்த ஊருக்குப் பட்டம் குடுத்துருக்கு. இந்தப் பக்கம் ஊருக்கு ஊரு பட்டம்தான், ஸ்காட்டுக்கு பூடான்ங்குற சாப்பாடு, ரெய்னுக்கு தவளை, க்ரௌலிக்கு அரிசி. இங்க சனிக்கிழமை காலையில டிபனோட சேத்து ஸைடெகோ மியூசிக் நடக்கும். அக்கார்டியன் ஒருத்தர் வாசிக்க, இன்னொருத்தர் நெளிநெளியா இருக்குற தகடை சட்டை மாதிரி நெஞ்சுல மாட்டிக்கிட்டு பாட்டில் ஓப்பனரால சரக் சரக்னு உரசுறாரு, பாட்டு கேஜன் பாட்டு இல்ல, அதே மண்ணுல இருக்குற கறுப்பின கிரியோல் மக்களோடது, வெளியூர்க்காரங்க நாம ரெண்டையும் ஒண்ணாக்கிப் பேசுறோம். காலை ஒம்போது மணிக்கு எழுபது வயசு ஆளுங்க ஜோடி மாத்தி மாத்தி ஆடுறாங்க. ஓரமா ஆம்லெட் சாப்ட்டுட்டு இருந்த என்கிட்ட தொப்பி போட்ட ஒரு தாத்தா வந்து கை நீட்டுனாரு. எனக்கு ஆட வராதுன்னேன், இங்க யாருக்குமே வராதுன்னாரு. ஆடுனேன். கோயில் திருவிழாவுல கூட ஓரமா நின்னு வேடிக்கை பாக்குற ஆளு நான், எப்படி எந்திரிச்சுப் போனேன்னு இன்னும் தெரியல. ஆடிக்கிட்டே உங்க சொந்தக்காரங்கல்லாம் எங்கன்னு கேட்டாரு, விசா என்னன்னு கேக்கல, வேலை என்னன்னு கேக்கல.

லேக் மார்ட்டின் பக்கத்துலதான். மரத்துல கொக்கு கூடு, ரோஸ் கலர்ல கரண்டி மூக்கு நாரை, கரையில முதலை. கார் கண்ணாடிய எறக்கிட்டு மெதுவா ஒரு சுத்து சுத்துனா போதும், கொசு இருக்கு.

செயின்ட் மார்ட்டின்வில்ல எல்லாரும் ஃபோட்டோ எடுக்குறது எவாஞ்சலின் ஓக் மரத்தை. 1755ல இப்ப கனடாவுல இருக்குற நோவா ஸ்கோஷியாவுல இருந்த அகேடியன்னு சொல்ற பிரெஞ்சு பேசுற குடியானவங்கள (இந்த அகேடியன்ங்குற பேருதான் தேஞ்சு கேஜன் ஆச்சு) பிரிட்டிஷ்காரன் வீட்டைக் கொளுத்தி கப்பல்ல ஏத்தி அங்கங்க கொண்டுபோயி எறக்கி விட்டான், புருஷன் ஒரு கப்பல், பிள்ளைங்க ஒரு கப்பல்னு பிரிஞ்சு போனவங்க நெறைய. அதுல காதலனைத் தொலைச்ச பொண்ணா எவாஞ்சலினை வெச்சு அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோ 1847ல ஒரு நீள கவிதை எழுதுனாரு, அவரு இந்தப் பக்கம் கால் வெச்சதே கெடையாது. சர்ச் பக்கத்துல அவளுக்கு ஒரு சிலை வேற, சினிமாவுல எவாஞ்சலினா நடிச்ச டொலோரஸ் டெல் ரியோ மொகத்தை வெச்சு செஞ்சது. கற்பனைப் பொண்ணுக்கு நடிகை மொகம், அதுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி, எனக்கு அதுல பெருசா எதுவும் தோணல.

மரத்துக்குப் பக்கத்துலயே அகேடியன் மெமோரியல் இருக்கு, அதுக்குள்ள போங்க. லூசியானாவுக்கு வந்து சேந்தவங்க பேரு சுமார் 3,000 அங்க வெண்கலப் பலகையில இருக்கு, எதிர்ல ஒரு சுவரு முழுக்க ராபர்ட் டாஃபோர்ட் வரைஞ்ச பெரிய ஓவியம், வந்து எறங்குனவங்க வரிசையா நிக்குறாங்க, அதுக்கு மாடலா நின்னவங்க அவங்களோட வம்சத்துல வந்த இப்ப உள்ள ஆளுங்களாம். ஒரு அம்மாவும் மகளும் பலகையில விரலை வெச்சு ப்ரூஸார்ட்ங்குற பேரைத் தேடிட்டு இருந்தாங்க. 1765ல போஸலேய்னு கூப்புடுற ஜோசஃப் ப்ரூஸார்ட் ஒரு கூட்டத்தை இங்க கூட்டிட்டு வந்தாரு, வந்த அதே வருஷம் செத்துட்டாரு. பத்து வருஷம் அலைஞ்சு வந்தவங்களுக்கு கெடச்சது இந்த சதுப்பும் கொசுவும்தான்.

அந்த அம்மா என்கிட்டயும் பேசுனாங்க. அவங்க தாத்தா ஸ்கூல்ல பிரெஞ்சு பேசுனதுக்கு, இனிமே பேச மாட்டேன்னு பலகையில திரும்பத் திரும்ப எழுத வெச்சாங்களாம். 1921ல வந்த லூசியானா அரசியல் சட்டம் ஸ்கூல்ல இங்கிலீஷ் மட்டும்தான்னு சொல்லிருச்சு, 1968ல அதே அரசாங்கம் பிரெஞ்சை வளக்கணும்னு தனியா ஒரு அமைப்பு வெச்சுது. அதுக்குள்ள நடுவுல ஒரு தலைமுறை தன் பிள்ளைங்ககிட்ட அந்த பாஷையைப் பேசுறதையே விட்டுருச்சு, அடிபடக் கூடாதேன்னுதான் விட்ருக்காங்க. எங்க வீட்ல யாரும் யாரையும் அடிக்கல, பையன் தானாவே இங்கிலீஷ்ல பதில் சொல்றான், அதை அவங்ககிட்ட சொன்னேன். பாட்டுல புடிங்கன்னாங்க, அவங்க மகளுக்கு பிரெஞ்சு பேச வராது ஆனா பழைய பாட்டெல்லாம் முழுசா பாடுவாளாம்.

அங்கருந்து லஃபாயெட் தாண்டி ஸ்காட். பூடான்னா பன்னிக்கறி, ஈரல், வெங்காயத்தாள் எல்லாம் போட்டு சோத்தோட கெளறி குடல்ல அடைச்சு வேகவெச்சது, பெட்ரோல் பங்க்ல கூட சுடச்சுட விக்கும். கத்தி ஃபோர்க் ஒண்ணும் வேணாம், ஒரு முனையை கடிச்சு உள்ள இருக்குறத அப்படியே பிதுக்கி வாயில தள்ளணும், பார்க்கிங்ல கார் மேல சாஞ்சு நின்னு எல்லாரும் அப்படித்தான் சாப்புடுறாங்க. அமெரிக்கா வந்ததுல இருந்து சோறு எங்க போனாலும் தொட்டுக்குற ஐட்டமாத்தான் வரும், இங்க கம்போ, எட்டுஃபேன்னு எந்தக் குழம்பைக் கேட்டாலும் அடியில சோறு இருக்கு.

சோறு எங்கருந்து வருதுன்னு பாக்கணும்னா ஐ10 ஹைவேயை விட்டு எறங்கி ரெய்ன், க்ரௌலி பக்கம் பழைய 90ம் நம்பர் ரோட்ல போகணும். நான் மன்னார்குடிக்காரி, கண்ணுக்கு எட்டுன தூரம் தட்டையா தண்ணி நிக்குற வயலப் பாத்ததும் வண்டிய ஓரங்கட்டிட்டேன். ஆனா நட்டுருக்குறது நாத்து இல்ல, வரிசை வரிசையா கம்பிவலைக் கூண்டு, தலை மட்டும் தண்ணிக்கு மேல நீட்டிட்டு நிக்குது. எங்க பக்கம் சம்பா அறுக்குற நேரத்துல அந்த ஈரத்துலயே உளுந்து பயறு தெளிப்போம்ல, இவங்க நெல்லு அறுத்த தாளை அப்படியே விட்டு மறுபடி தண்ணிய கட்டிர்றாங்க, அந்த தாளு அழுகுறதுல உண்டாகுறத தின்னுட்டு க்ராஃபிஷ் வளருது. கூண்டெடுக்க ஒரு தகரப் படகு வருது, அதுக்கு சக்கரம் இருக்கு, வயல்ல மிதந்துட்டே வந்து வரப்பு மேல ஏறி அடுத்த வயலுக்குள்ள எறங்கிருச்சு! அப்பாவுக்கு வீடியோ அனுப்பினேன், உடனே ஃபோன் பண்ணி வரப்பு ஒடையாதான்னு கேட்டாரு, அங்க மணி ராத்திரி ரெண்டு இருக்கும்.

திரும்புற வழியில ஒரு கடையில க்ராஃபிஷ் ஆர்டர் பண்ணேன், பவுண்டு கணக்குல ட்ரேயில கொட்டுறாங்க, சோளம் உருளைக்கிழங்கோட. தலையைத் திருகி சாறை உறிஞ்சிட்டு வாலைப் பிதுக்கி சாப்புடணும், சதை கொஞ்சூண்டுதான். காரம் நல்லாவே இருக்கு. தனியா ஒரு டேபிள்ல உக்காந்து சாப்பிட்டா பரிதாபமா பாப்பாங்கன்னு நெனச்சேன், ரெண்டு கையும் மசாலாவா இருக்கறப்ப யாரும் யாரையும் பாக்குறதில்ல.

வீட்டுக்கு ரெண்டு முழம் பூடான் வாங்கிட்டுப் போனேன், ஐஸ்பாக்ஸ் கட்டாயம் எடுத்துட்டுப் போங்க. அவரு ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அதை தோசைக்கல்லுல முறுவவிட்டு மாவடு கடிச்சுக்கிட்டு சாப்பிட்டாரு, அடுத்தவாட்டி நானும் வரேன்னாரு. லீவு கெடைக்கட்டும், பாப்போம்னேன்.