ஃபைபருக்குத் தாலுகா தெரியாது

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடுகளுக்கு ஃபைபர் இன்டர்நெட் கொடுக்கும் ஒரு கம்பெனியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன வருஷம் இடவப்பாதி மழை கொட்டிய ஒரு ராத்திரி, இரண்டே கால் மணிக்கு என் போன் அலறத் தொடங்கியது. கருங்கல் 'டவுன்', அதாவது அங்குள்ள கருவி பதில் சொல்லவில்லை. திங்கள்சந்தை டவுன். குளச்சல் டவுன். விடிவதற்குள் 217 மெசேஜ். நடந்தது என்னவோ ஒன்றுதான்: தக்கலைக்கும் அழகியமண்டபத்துக்கும் நடுவே ரப்பர் மரம் சாய்ந்து ஃபைபர் அறுந்துவிட்டது. அழகியமண்டபத்தில் வழிகளைப் பிரித்துவிடும் ஸ்விட்ச் போன செய்தி 83-வது வரியில் கிடந்தது. யார் அவ்வளவு தூரம் படிப்பது?

"அண்ணே, முதல்ல எங்க போகட்டும்?" என்று கேட்ட பையனைக் கருங்கலுக்கு அனுப்பினேன். கொட்டும் மழையில் அந்தச் சாய்ந்த மரத்தைச் சுற்றிக்கொண்டுதான் அவன் போயிருக்கிறான். அங்கே ஓஎல்டி, அதாவது வீடுகளுக்கு ஃபைபர் கிளம்பும் எங்கள் பெட்டி, எல்லா விளக்கும் எரிய ஜம்மென்று இருந்திருக்கிறது.

தப்பு என்னுடையது. கருவிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்து மெசேஜ் அனுப்பும் நாகியோஸ் என்ற மென்பொருளில் எல்லாக் கருவிகளையும் தாலுகா வாரியாக அடுக்கி வைத்திருந்தேன். கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர் என்று திரையில் பார்க்க அழகு, முதலாளிக்கும் பிடித்திருந்தது. ஆனால் திங்கள்சந்தை கல்குளம், கருங்கல் கிள்ளியூர். இரண்டுக்கும் உயிர் வந்து சேர்வது ஒரே ஃபைபர் வழியாக. அது என் அடுக்கில் எங்குமே இல்லை.

காலையில் வீட்டில் புலம்பியபோது அப்பா சிரித்தார். எங்கள் வயல் அனந்தனார் சானல் என்ற பாசனக் கால்வாயின் கடைமடை. எங்கள் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். "மேல அடைச்சிட்டான்னா கீழ ஒரு மடைக்கும் வெள்ளம் வராதுல்லா. ஒவ்வொரு மடையா போய் ஏன் வெள்ளம் இல்லேன்னு கேட்டுட்டு நிப்பியாலே?"

நாகியோஸில் இதற்கு வசதி இருக்கிறது, நான்தான் தொடவில்லை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் பேரன்ட், அதாவது அதற்கு மேலே இருக்கும் கருவி, எது என்று எழுதிவிட்டால், பேரன்ட் விழும்போது கீழே இருப்பவற்றை 'டவுன்' என்று சொல்லாது, 'அன்ரீச்சபிள்' (எட்ட முடியவில்லை) என்று தனியாகச் சொல்லும். அந்த வகைக்கு மெசேஜை நிறுத்திவிட்டேன். எழுதுவது பெரிய வேலை இல்லை. எந்த ஃபைபர் எங்கிருந்து எங்கே போகிறது என்பது பையன்களின் தலைக்குள் மட்டும் இருந்ததுதான் பெரிய வேலை. மூன்று சாயங்காலம் கட்டஞ்சாயாவும் பழம்பொரியும் வாங்கிக்கொடுத்துக் கறந்தேன்.

இப்படி எழுதியது மேலிருந்து கீழே கிளைவிடும் ஒரு மரம். ஒவ்வொரு பெட்டிக்கு உள்ளேயும் அப்படி ஒரு மரம் உண்டு. பெட்டியிடம் நிலவரம் கேட்கும் முறையான எஸ்என்எம்பியில், கேட்கக்கூடிய ஒவ்வொரு பொருளுக்கும் வேரிலிருந்து எண் வழி: 1.3.6.1.2.1 என்று இறங்கினால் 1991-ல் வந்த எம்ஐபி-2 என்ற பொதுப் பட்டியல். இன்னும் கீழே 2.2.1.8 போனால் போர்ட் உயிரோடு இருக்கிறதா என்பது. 1 என்றால் அப், 2 என்றால் டவுன். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்தான் எந்தப் போர்ட் என்று சொல்லும் ஐஎஃப்இன்டெக்ஸ். அதை நம்பித்தான் இன்னொரு முறை ஏமாந்தேன். பெட்டி மறுபடி தொடங்கினால் அந்த எண் மாறலாம். எஸ்என்எம்பியின் விதியே அதை அனுமதிக்கிறது. ஒரு கார்டு மாற்றி ரீபூட் செய்த பிறகு, இரண்டு வாரம் குளச்சல் என்று நான் பார்த்துக்கொண்டிருந்த கிராஃப் உண்மையில் கருங்கலுடையது. இப்போது போர்ட்டுக்கு நாமே பேர் எழுதும் இடமான ஐஎஃப்ஏலியஸில் ஊர்ப்பேரை எழுதிவைத்து, எண்ணை விட்டுவிட்டுப் பேரைப் பிடிக்கிறேன். ரீபூட்டிலும் பேர் நிற்கும்.

ஸ்ப்ளிட்டர்தான் இன்னும் படுத்துகிறது. ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக்கொடுக்கும், கம்பத்தில் தொங்கும் டப்பா. கரண்டும் கிடையாது, ஐபியும் கிடையாது, கேட்டால் பதில் சொல்லாது. ஆனால் எட்டு வீடு அதன் கீழே. அதனால் மரத்தில் அதற்கு ஒரு பொய் இடம் கொடுத்து, வீட்டுக்கு ஒன்றாக இருக்கும் எட்டு ஓஎன்டி பெட்டியும் சேர்ந்து போனால் ஸ்ப்ளிட்டர் போனது என்று ஊகிக்க ஒரு ஸ்கிரிப்ட் போட்டேன். கரண்ட் போனாலும் எட்டும் சேர்ந்துதான் போகும். நல்லவேளை, கரண்ட் இழக்கும் ஓஎன்டி அணையும் முன் 'டையிங் காஸ்ப்' என்று ஒரு கடைசி மூச்சு விடும். மூச்சு விட்டுப் போனால் கரண்ட். விடாமல் போனால் ஏணியை எடுக்க வேண்டியதுதான்.

அடுத்த மாதம் கருங்கலுக்கு மார்த்தாண்டம் வழியாக இரண்டாவது ஃபைபர் வருகிறது. ஒரு பிள்ளைக்கு இரண்டு பேரன்ட். இரண்டும் விழுந்தால் மட்டுமே அன்ரீச்சபிள். அப்பாவிடம் சொன்னேன். "ரெண்டு சானல்ல வெள்ளம் வாங்குத வயலா? யாருக்குலே அந்தக் குடுப்பினை?" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு இன்னும் வெள்ளம் வந்து சேரவில்லை.